ஐயாற்றங்கரையில் மூன்று கட்சிகள்

தைத் திங்களை ஒட்டிப் புஷ்ய பகுள பஞ்சமி வருகிறது. தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் அந்த நாளை மறப்பதில்லை. பஞ்சமி வேலை நாளில் வந்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆராதனையைத் தள்ளி வைத்துக்கொள்கிறோம். தியாகராசர் பொறுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கைதான். சமுக்காளத்தை விரித்து, ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமும் அமர்ந்து, நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும் ஐந்து பெருங் கீர்த்தனைகளையும் ஒரே குரலாகப் பாடுகிறோம். வரிகள் முழுதும் தெரிந்தவர் உரக்கவும், தெரியாதவர் தாளம் போட்டவாறும் பாடி முடிப்பதற்குள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது.

இவ்வழக்கம் தியாகராசர் மறைந்த நாள்தொட்டு இடையறாது வருவது என்று எண்ணுவோர் நம்மில் பலர். உண்மை அதுவன்று. எல்லோரும் கூடி ஐந்து கீர்த்தனைகளையும் ஒருங்கே பாடும் முறை 1940-களில்தான் நிலைபெற்றது. அதற்கு முன்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருவையாற்றில் ஒரே மகானுக்கு இரண்டு கட்சியார் தனித்தனியே விழா எடுத்து வந்தனர். இடையில் மூன்றாவது கட்சி ஒன்றும் தோன்றியது. அது பெண்கள் கட்சி. அந்த மூன்றாவது கட்சியின் வரலாற்றை நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் ஆசையே இக்கட்டுரைக்குக் காரணம்.

திருவையாறு இசைக்குப் புதிய ஊர் அன்று. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்னும் ஐந்து ஆறுகளால் பெயர் பெற்ற அவ்வூரின் ஐயாறப்பரை அப்பரும் சம்பந்தரும் பாடியுள்ளனர். கயிலைக்குச் செல்லப் புறப்பட்ட அப்பர் அந்தக் காட்சியை ஐயாற்றிலேயே பெற்றார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. அத்தகைய ஊரில், பல நூற்றாண்டுகளுக்குப் பின், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அமர்ந்து தெலுங்கில் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளை இயற்றினார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க ஒன்று உண்டு. தியாகராசர் 1767-இல் திருவாரூரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தின் பெயர் காகர்ல என்பது. அஃது ஆந்திர நாட்டுக் கிராமம் ஒன்றின் பெயர். முன்னோர் அங்கிருந்து சோழ நாட்டுக்கு வந்து குடியேறியவர்கள். தஞ்சையை முதலில் தெலுங்கு பேசிய நாயக்கர்களும் பின்னர் மராட்டியர்களும் ஆண்டனர் ஆதலின், இவ்வாறு வந்து தங்கிய குடும்பங்கள் அங்கே பல. தெருவில் தமிழும் அரண்மனையில் மராட்டியும் வழங்க, வீட்டு மொழியைத் தலைமுறை தலைமுறையாக விடாது காத்து, அம்மொழியிலேயே இறைவனோடு வழக்காடியவர் அவர். பள்ளியில் இந்தியும் தெருவில் வங்காளமும் பேசிவிட்டு வீட்டில் தமிழைக் காக்கப் பாடுபடும் நமக்கு இந்த ஒரு செய்தியே போதும், அவரை உறவினராக எண்ணிக்கொள்வதற்கு.

1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், துறவு மேற்கொண்ட சின்னாட்களில் தியாகராசர் சித்தியடைந்தார். காவிரிக் கரையில் அவரை அடக்கம் செய்து சிறியதொரு பிருந்தாவனம் அமைத்தனர். சீடர்கள் பல ஊர்களிலும் பரவி வாழ்ந்தவர்கள். தில்லைத்தானம், உமையாள்புரம், வாலாஜாபேட்டை என அவர்கள் சென்ற இடமெல்லாம் பாட்டும் சென்றது. ஆனால் சமாதியைப் பார்த்துக்கொள்ள யாரும் அங்கில்லை. திதி அவரவர் வீட்டில் நடந்தது. ஆற்றங்கரையில் புதர் மண்டியது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1903-ஆம் ஆண்டில், முதுமை எய்திய சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து அந்த இடத்தைச் செப்பனிட்டனர். அதனை அடுத்துவந்த சில ஆண்டுகளில் தில்லைத்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் என்னும் உடன்பிறந்தார் இருவர் பொருள் திரட்டி, வேதம் ஓதுவித்து, ஏழைகளுக்கு அன்னமிட்டு, இசையோடு கூடிய பெரிய ஆராதனையைத் தொடங்கினர்.

தொடங்கிய சூட்டோடு அண்ணன் தம்பி இருவருக்கும் பிணக்கு உண்டாயிற்று. விழா இரண்டாகப் பிரிந்தது. வித்துவான்களும் இரண்டாகப் பிரிந்தனர். மூத்தவர் பக்கம் நின்றோர் பெரிய கட்சி. இளையவர் பக்கம் நின்றோர் சின்னக் கட்சி. ஒரே நாளில் இரு விழாவென்றால் காதும் தாங்காது, சமையற்கட்டும் தாங்காது அல்லவா? எனவே ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். பஞ்சமிக்கு முந்திய ஐந்து நாட்கள் சின்னக் கட்சிக்கு. பஞ்சமியன்று தொடங்கி ஐந்து நாட்கள் பெரிய கட்சிக்கு. அன்னதானம் எல்லா நாளும் உண்டு. அலுவலகத்தில் கோப்புகளோடு காலந் தள்ளும் நமக்கு இதைப் படிக்கும்போது புன்னகை வருகிறது. எல்லையை இத்தனை நுட்பமாக வகுத்துக்கொள்ள முடிந்தவர்களால் ஒன்றாக உட்கார மட்டும் முடியவில்லை.

ஆயினும் அந்தக் கட்சிகளை வெறும் சண்டைக் கூட்டம் என்று தள்ளிவிடலாகாது. அந்நாளில் வித்துவான் ஒருவர் திருவையாற்றுக்கு வருவதென்றால் தம் பக்கவாத்தியக்காரர், சீடர்கள் ஆகியோருடன் தம் செலவிலேயே வருவார். அழைத்த ஜமீன்தாரும் இல்லை, சன்மானம் கொடுக்கும் சபையும் இல்லை. வேறெங்கும் ஒருவர் பாட்டுக்கு விலை உண்டு; இங்கே மட்டும் பாட்டு காணிக்கை. இன்றும் திருவையாற்றில் பாடுவோர் சன்மானம் பெறுவதில்லை. இந்த வழக்கம் கட்சிக் காலத்திலேயே வேரூன்றியது. சின்னக் கட்சியில் பிடில் மேதை மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை முன்நின்றார். பெரிய கட்சியில் பின்னாளில் கதாகாலட்சேபத்தில் புகழ்பெற்ற சூலமங்கலம் வைத்தியநாத பாகவதரின் கை ஓங்கியிருந்தது. எந்தக் கட்சியில் கூட்டம் மிகுதி, எந்தக் கட்சியில் பாட்டு உயர்வு என்று போட்டி இருந்ததால், கேட்க வந்த மக்களுக்கு நாட்கள் இரட்டித்தன. மக்களுக்கு அதில் இழப்பொன்றும் இல்லை.

இரண்டு கட்சிகளும் எல்லாவற்றிலும் மாறுபட்டன. ஒன்றில் மட்டும் உடன்பட்டன. பெண்கள் அங்கே பாடலாகாது. நாகசுரத்துக்கும் விழாவில் இடமில்லை.

இந்த விலக்கு எத்தகையது என்பதை உணர அக்காலத்து இசையுலகைச் சற்றே நினைவிற் கொள்ள வேண்டும். அன்று பொது மேடையில் பாடிய பெண்கள் பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்தவர்கள். பதமும் ஜாவளியும் கீர்த்தனையும் அவர்கள் வீட்டுக் கூடங்களில் தலைமுறைச் சொத்தாகக் காக்கப்பட்டன. சென்னையில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலையில் தம் இல்லத்தில் வீணை மீட்டுவார். பெயர்பெற்ற ஆண் வித்துவான்கள் வாய்மூடி அமர்ந்து கேட்பார்கள். அங்கே சென்று கேட்டுப் பயின்றவர்கள், ஆற்றங்கரைச் சந்நிதியில் அத்தகைய பெண்ணின் குரல் ஒலித்தால் முறைகேடு என்றனர். நாகசுரமும் அவ்வாறே. கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு நாகசுரமின்றி இயலாது. அதே இசைவேளாளர் ஊதும் ராக ஆலாபனையைக் கேட்டே பல பாடகர்கள் தம் ராக அறிவை வளர்த்துக்கொண்டனர். இவ்விரு தரப்பாரும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். தூய்மை என்று அதற்குப் பெயர் சொல்லப்பட்டது. நம் கருத்தில் அது அச்சமே ஆகும்.

இந்த நிலையில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். 1878-ஆம் ஆண்டு மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபைச் சேர்ந்த புட்டலட்சுமியின் மகளாகப் பிறந்தவர். கன்னடம் தாய்மொழி; இளமையிலேயே வடமொழியும் தெலுங்கும் கற்றுத் தேர்ந்தார். வாலாஜாபேட்டை மரபினரான முனுசாமியப்பாவிடம் இசை பயின்றார். வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் தியாகராசரின் நேர்ச்சீடர் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். சீட பரம்பரையின்படி பார்த்தால் இந்த அம்மையாரும் அந்தச் சந்நிதிக்கு உரிமையுடையவரே. சென்னைக்கு வந்து குடியேறி, கச்சேரிகளாலும் இசைத்தட்டுகளாலும் பெரும் பொருள் ஈட்டினார். ஹரிகதையும் செய்தார்.

அவர் பணிந்து போகும் இயல்பினர் அல்லர் என்பதற்கு 1910-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. தஞ்சை மன்னர் பிரதாபசிம்மன் அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் தாசி, தெலுங்கில் இராதிகா சாந்துவனமு என்னும் சிருங்கார காவியத்தை இயற்றியிருந்தார். அதன் பழைய பதிப்பில் பாடல்கள் சில விடுபட்டிருப்பதைக் கண்ட நாகரத்தினம்மாள், சுவடியைத் தேடிப் பெற்று, முழு நூலையும் பதிப்பித்து வெளியிட்டார். ஒழுக்கக்கேடான நூல் என்று அறிஞர் சிலர் கூக்குரலிட்டனர்; 1911-இல் ஆங்கில அரசு நூலைத் தடை செய்தது. ஆண் புலவர் எழுதினால் காவியம், பெண் எழுதினால் ஆபாசமா என்பதே அம்மையாரின் வாதத்தின் சாரம். தடை நீங்கியது அந்த ஆட்சியின் கடைசி நாட்களில்தான். பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்த காலத்தில் அது விலக்கப்பட்டது.

1921-இல் திருவையாற்றுச் சமாதியின் சீர்கேட்டைக் குறித்து அவருக்கு மைசூர் வித்துவான் பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து கடிதம் வந்தது என்பர். தியாகராசர் கனவில் தோன்றினார் என்றும் கூறுவர். கனவோ கடிதமோ, அம்மையார் புறப்பட்டு வந்தார். அங்கே அவர் கண்டது ஒரு வேடிக்கை. ஆண்டுதோறும் இரு கட்சியார் போட்டியிட்டு விழா நடத்தும் இடத்தில், சமாதிக்கு நல்லதொரு கட்டடம் இல்லை. பந்தலுக்கும் பந்திக்கும் செலவிட்டவர்கள் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் செலவிடவில்லை. அம்மையார் நிலத்தைப் பெற்றார். தம் சேமிப்பையும் நகைகளையும் அதில் போட்டார். அந்த ஆண்டே கட்டடப்பணி தொடங்கிற்று. 1926-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தியாகராசர் திருவுருவத்துடன் கூடிய சந்நிதிக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. நாம் இன்று படங்களில் காணும் சந்நிதி அவர் எழுப்பியதே.

பிறகு நடந்தது என்ன? கட்டடத்தை இரு கட்சிகளும் ஏற்றுக்கொண்டன. கட்டியவரை ஏற்கவில்லை. அவர் பொருளில் எழுந்த சந்நிதியின் முன் ஆண்கள் அமர்ந்து பாடினர். அவர் பாட வேண்டுமென்று கேட்டபோது வழக்கம் குறுக்கே நின்றது.

வேறொருவராயின் வழக்கு மன்றத்துக்கு ஓடியிருப்பார். அல்லது கண்ணீருடன் ஊர் திரும்பியிருப்பார். நாகரத்தினம்மாள் 1927-ஆம் ஆண்டு, தம்மைப் போன்ற பாடகியரைத் திரட்டி, சந்நிதியின் பின்புறத்தில் தனியாக ஒரு விழாவைத் தொடங்கினார். பெண்கள் கட்சி பிறந்தது அவ்வாறே. முன்புறத்தில் ஆண்கள், பின்புறத்தில் பெண்கள். நடுவே ஒரு சுவர். அச்சுவருக்குள் இருவருக்கும் பொதுவானவர் அமர்ந்திருக்கிறார். பின்னால் பாடியவர்களும் முன்னால் பாடியவர்களைப்போலத் தம் செலவில் வந்தவர்களே. அவர்களிற் பலருக்கு மற்ற மேடைகளும் குறைந்து வந்த காலம் அது. அதே 1927-இல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் முயற்சியைத் தொடங்கினார். கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடும் கொடுமை ஒழிய வேண்டும் என்பதில் இன்று இருவேறு கருத்து இல்லை. ஆனால் அம்முறையோடு சேர்த்து அப்பெண்களின் கலையும் நிலமும் மானமும் பறிபோகும் என்று அஞ்சித் தேவதாசியர் சங்கம் எதிர்த்தது; அச்சங்கத்தின் முன்னணியில் நின்றவர் நாகரத்தினம்மாள். சட்டம் 1947-இல் நிறைவேறியது. முத்துலட்சுமி அம்மையாரும் சரி, நாகரத்தினம்மாளும் சரி, பெண்ணின் மதிப்புக்காகவே பேசினர். ஒருவர் சொன்னதில் மற்றவர் சொன்னதன் பாதி விடுபட்டிருந்தது.

பதின்மூன்று ஆண்டுகள் பின்புறத்து விழா விடாது நடந்தது. இதற்குள் காலம் மாறிற்று. வானொலியும் சபாக்களும் பெருகி, பெண் பாடகியர் மக்களிடையே பெரும் புகழ் பெற்றனர். பழைய கட்சித் தலைவர்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். கட்சி கட்டியவர்கள் போன பின்னும் கட்சி மட்டும் நிற்பது நம் நாட்டு இயல்பு. ஆயினும் இங்கே நல்லவர் சிலர் நடுவே புகுந்தனர். எஸ். ஒய். கிருஷ்ணசாமி என்னும் ஐ.சி.எஸ். அதிகாரியும், முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலிய வித்துவான்களும் முயன்று, 1940-ஆம் ஆண்டில் மூன்று தரப்பாரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்தனர். ஸ்ரீ தியாகப்பிரம்ம மகோத்சவ சபா உருவாயிற்று. 1941 முதல் ஒரே விழா. பெண்கள் சந்நிதியின் முன்னே வந்து அமர்ந்து பாடினர். அரசாங்க அதிகாரிகளால் ஒரு நன்மையும் விளைவதில்லை என்று சொல்வோருக்குக் காட்ட நமக்கு இதுவும் ஒரு சான்று.

ஒன்றுபட்ட விழாவுக்கு ஒன்றுபட்ட செயல் ஒன்று தேவைப்பட்டது. யார் முதலில் பாடுவது, யார் கடைசியில் பாடுவது என்ற பழைய பூசல் மீண்டும் தலையெடுக்காமல், எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் பாடக்கூடியதாக அது இருந்தால் நன்று. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீராகம் ஆகிய ஐந்திலும் அமைந்த பஞ்சரத்தினங்கள் அதற்குப் பொருத்தமாக வாய்த்தன. முதலாவது வடமொழியில் அமைந்தது. ஏனைய நான்கும் தெலுங்கு. பல்லவி, அனுபல்லவிக்குப் பின் வரிசையாகச் சரணங்கள் வந்துகொண்டே இருக்கும். சுரத்தைப் பாடி உடனே சாகித்தியத்தைப் பாடுவர். தனியாளின் கற்பனைக்கு இடம் குறைவு; கூட்டத்தோடு ஒத்துப்போவதற்கு இடம் நிறைய. பெரிய வித்துவானும் நேற்றுப் பாடம் தொடங்கிய மாணவியும் அருகருகே அமர்ந்து பாடக்கூடிய வடிவம் அது. பஞ்சமியன்று காலையில் தியாகராசர் வாழ்ந்த திருமஞ்சன வீதியிலிருந்து உஞ்சவிருத்தி ஊர்வலம் புறப்பட்டுச் சந்நிதியை அடைந்த பின் இந்தக் கூட்டிசை நடைபெறுகிறது. அகில இந்திய வானொலி அதனைப் பரப்பியதால், திருவையாற்றை வரைபடத்திலும் பார்த்திராத நம்மவர் பலர் எங்கோ ஒரு குடியிருப்பில் அமர்ந்து அதனோடு சேர்ந்து பாடக் கற்றுக்கொண்டனர்.

கதவு ஒருமுறை திறந்ததும் எல்லோரும் உள்ளே வந்துவிட்டனர் என்று நினைப்பது தவறு. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் தமிழ்ப் பாட்டுக்கு மேடை கேட்டுக்கொண்டிருந்தன. 1946-ஆம் ஆண்டு ஆராதனையில் எம். எம். தண்டபாணி தேசிகர் தமிழில் விநாயகர் பாடல் ஒன்றைப் பாடினார். சந்நிதி தீட்டுப்பட்டது என்ற பேச்சு எழுந்தது. அப்போது ஈரோட்டில் குடி அரசு இதழில் பணியாற்றிய இளைஞர் மு. கருணாநிதி அதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். அப்பரும் சம்பந்தரும் பாடிய ஐயாற்றிலே தமிழ் தீட்டு என்றால், காவிரியைத்தான் கழுவ வேண்டும்! பெண் குரலுக்குச் சொன்ன அதே சொல்லை ஐந்து ஆண்டுக்குள் தமிழுக்கும் சொன்னார்கள். தியாகராசர் கீர்த்தனைகளையே பாடும் விழா என்ற ஒழுங்கை நாம் மதிக்கலாம். அவருக்குரிய நாளில் அவர் பாட்டு என்பது நியாயமே. தீட்டு என்ற சொல்லுக்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. நாகசுரத்துக்கு நேர்ந்ததும் பின்னர் சரிசெய்யப்பட்டது. இன்று ஆராதனை நாகசுர மங்கல இசையோடுதான் தொடங்குகிறது. எம். எஸ். சுப்புலட்சுமியும் டி. கே. பட்டம்மாளும் எம். எல். வசந்தகுமாரியும் அந்தச் சந்நிதியில் பாடியதை நினைக்கும்போது, அவர்களுக்கு முன் சுவருக்குப் பின்னால் அமர்ந்து பாடிய, பெயரும் நமக்குத் தெரியாத பாடகியர் நினைவு வருகிறது.

நாகரத்தினம்மாள் தம் கடைசி ஆண்டுகளைத் திருவையாற்றிலேயே கழித்தார். துறவிபோல் எளிமையாக வாழ்ந்து, சந்நிதியின் வழிபாடு தமக்குப் பின்னும் தடையின்றி நடைபெறும் வண்ணம் சொத்துகளை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். 1952-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் மறைந்தார். தியாகராசர் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் எழுப்பப்பட்டது.

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு ஊருக்குச் செல்லும் நம் குடும்பங்கள் தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அங்கிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர். பேருந்துகள் அடிக்கடி உண்டு. ஆராதனை நாட்களில் கூட்டம் நெருக்கும். மற்ற நாட்களில் சந்நிதியில் ஓரிருவரே இருப்பர். தியாகராசரை வணங்கிவிட்டுத் திரும்பும்போது, அவரை நோக்கியவாறு அமர்ந்திருக்கும் அம்மையாரின் சிலையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சந்நிதியைச் சுற்றிப் பின்புறத்துக்கும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.